குளிர் ஊரில் ஒரு ஆனைக் கத்தாழை

போன வாரம் வீட்டுப் பின்பக்கத்துப் போட்டோ ஒன்று போட்டிருந்தேன். நான் காட்ட நினைத்தது புதுசா போட்ட நடைபாதைக் கல்லை. வந்த கேள்விகளில் ஒன்று கூட கல்லைப் பற்றி இல்லை. எல்லாமே ஓரத்தில் நிற்கும் செடியைப் பற்றித்தான்.

"டாக்டர், அது கத்தாழை தானே, ஜூஸ் போடலாமா?"
"இவ்ளோ பெருசு எங்க கிடைச்சுது?"
"இங்கிலாந்து குளிர்ல எப்படி சாகாம நிக்குது?"

மூன்றுக்கும் சேர்த்து இந்த இழை. நீளம்தான், டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. சுகர், பிரஷருக்கு இன்னைக்கு லீவு. ஆனா கடைசிப் பகுதியில் கொஞ்சம் மருத்துவம் வரும். அதை மட்டுமாவது படிச்சிடுங்க.

1. முதல் கேள்விக்கு உடனே பதில்: ஜூஸ் போடாதீங்க. நாம மோரில் அடிச்சுக் குடிக்கிறது சோற்றுக் கற்றாழை. அது ஆலோ வகை. என் வீட்டில் நிற்கிறது அகேவ். நம்ம ஊரில் ஆனைக் கத்தாழைன்னு சொல்வாங்க. பேரில் கத்தாழை இருக்கிறதால சொந்தம்னு நினைக்க வேண்டாம். ஆலோ ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்துச் செடி. அகேவ் மெக்சிகோவையும் அதைச் சுற்றியுள்ள அமெரிக்கப் பகுதிகளையும் சேர்ந்தது. கடல் கடந்து நம்ம வேலிக்கு வந்தது.

2. பார்த்ததும் எப்படிப் பிரிக்கிறது? மடலை ஒடிச்சுப் பாருங்க. சோற்றுக் கற்றாழை 'மடக்'னு ஒடியும், உள்ளே கண்ணாடி மாதிரி சோறு இருக்கும். ஆனைக் கத்தாழை ஒடியவே ஒடியாது. உள்ளே முழுக்க நார். கத்திதான் வேணும். அடுத்தது நுனி. பெரிய அகேவ் வகைகளில் நுனியில் கறுப்பா, ஆணி மாதிரி ஒரு முள் நிற்கும். சோற்றுக் கற்றாழையில் அப்படி ஒரு ஆணி கிடையாது. மூணாவது பூ. ஆலோ வருஷா வருஷம் பூக்கும். பெரும்பாலான அகேவ் வகைகள் வாழ்நாளில் ஒரே தடவைதான் பூக்கும். அதோட அந்தச் செடி முடிஞ்சது.

3. இப்போ குளிர் விஷயம். நான் இருக்கிறது வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கம். குளிர்காலத்தில் சில ராத்திரி மைனஸ் 5, மைனஸ் 6 வரை போகும். "மெக்சிகோ பாலைவனச் செடி, இங்கே ஒரு ராத்திரி தாங்காது"ன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. உண்மை வேற. மெக்சிகோவில் பல அகேவ் வகைகள் வளர்றது உயரமான மலைப் பகுதிகளில். அங்கேயும் ராத்திரி உறைபனி விழும். ஆனா அங்கே குளிர்காலம் என்பது பெரும்பாலும் காய்ந்த காலம். இங்கே அக்டோபரில் தொடங்குற ஈரம் மார்ச் வரைக்கும் விடாது.

4. அதனால இங்கே அகேவைக் கொல்றது குளிர் மட்டும் இல்லை, ஈரமும் குளிரும் சேர்ந்த கூட்டணி. மடலுக்குள் தண்ணி நிறைஞ்சு நிற்கும்போது பனி விழுந்தா, திசுவில் ஐஸ் உருவாகி செல் சவ்வு கிழியும். பனி உருகினதும் அந்த இடம் வெந்த கத்தரிக்காய் மாதிரி கொழகொழன்னு ஆகும். அதில் கிருமி ஏறும். நடுக் குருத்து வரை அழுகல் போச்சுன்னா முடிஞ்சது கதை. காலில் உறைபனிக் காயம் பட்டு, பிறகு அது அழுகுறதைப் பார்த்த டாக்டருக்கு இதைப் புரிஞ்சுக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

5. "சரி, இவ்ளோ கஷ்டப்பட்டு எதுக்கு இது? ரோஜா வைக்க வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. காரணம் எங்க அப்பா.

6. எங்க ஊர் வேடசந்தூர் பக்கம். மானாவாரிக் காடு. காட்டைச் சுத்தி வேலியா ஆனைக் கத்தாழை நிற்கும், ஆடு மாடு உள்ளே வராது. மடலை அறுத்து, தண்ணியில் ஊறப் போட்டு, அடிச்சு அலசி நார் எடுத்து, அப்பாவே கயிறு திரிப்பார். என் காலேஜ் பெட்டியைக் கட்டிக் கொடுத்ததும் அந்தக் கயிறுதான்.

7. அம்மா போன பிறகு அப்பாவைக் கோடையில் இங்கே கூட்டிட்டு வர ஆரம்பிச்சேன். விசிட்டர் விசா. ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஆறு மாசம். முதல் கோடையில் அவர் பின்பக்கக் கதவைத் திறந்து வெச்சு, மர வேலியைப் பார்த்தபடியே மணிக்கணக்கா உட்கார்ந்திருப்பார். டிவி வேண்டாம், கோயில் வேண்டாம். "போர் அடிக்குதாப்பா?"ன்னு கேட்டா, "இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு"ம்பார். வயசானவங்க தனிமையைப் பற்றி நிறைய பேசுற ஆள் நான். வீட்டுக்குள்ள அது நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தப்போ என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலை.

8. ஒரு நாள் செடிக் கடைக்குப் போனோம். அங்கே ஒரு சின்னத் தொட்டியில் மஞ்சள் கரை போட்ட அகேவ் குட்டி. அப்பா நின்னுட்டார். தொட்டுப் பார்த்தார். "இந்தா பாரு, நம்ம வேலி!"ன்னு சிரிச்சார். விலையைச் சொன்னேன். ரூபாயில் கணக்குப் போட்டவர், "நம்ம ஊர்ல இதைப் பிடுங்கிப் போட ஆளுக்குக் காசு கொடுக்கணும்"னார். ஆனா வாங்க விடலை. "இது கைக்குழந்தை. ஆள் உசரம் நின்னாத்தான் அது கத்தாழை." பெரிய செடியைத் தேட ஆரம்பிச்சது அன்னைக்குத்தான்.

9. குளிர் நாட்டில் பெரிய அகேவ் கிடைக்க மூணு வழி. முதல் வழி, அக்கம்பக்கத்துச் செடிக் கடை. இங்கே பெரும்பாலும் சின்னதுதான் கிடைக்கும். வளர்த்துப் பெருசாக்கலாம், ஆனா இந்த ஊர் வெயிலுக்குப் பல வருஷம் ஆகும். சும்மா சொல்லலை, ஒரு கோடையில் நாலு மடல் புதுசா விட்டாலே எனக்கு சந்தோஷம்.

10. இரண்டாவது வழி, ஸ்பெயின், இத்தாலியிலிருந்து இறக்குமதி செய்யும் நர்சரிகள். பெரிய செடி கிடைக்கும், பெரிய விலையும் கிடைக்கும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வரும் இப்படிப்பட்ட செடிக்கும் சுகாதாரச் சான்றிதழ் வேணும். இதை வெறும் காகிதத் தொல்லைன்னு நினைக்காதீங்க. தென்னையைக் காலி பண்ணுற சிவப்புக் கூன்வண்டு தெரியும்ல? அதே மாதிரி அகேவுக்குன்னே ஒரு கூன்வண்டு உண்டு. மெக்சிகோவிலிருந்து கிளம்பி, மத்தியதரைக்கடல் ஓரம் வரை வந்து சேர்ந்தாச்சு. செடியின் அடியைத் துளைச்சு முட்டை வைக்கும், புழு உள்ளே குடைஞ்சு தின்னும், கூடவே அழுகலும் சேரும். வெளியே கம்பீரமா நிற்கிற செடி ஒரு நாள் குடை மாதிரி சரிஞ்சு விழும். வாங்குமுன் அடியில் துளை இருக்கான்னு பாருங்க. நடுக் குருத்தை லேசா ஆட்டிப் பாருங்க. ஆடினா வாங்காதீங்க.

11. இதோட ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போய்ட்டு வரும்போது கத்தாழைக் குட்டியை, கறிவேப்பிலைக் கன்றை சூட்கேஸில் துணிக்குள் சுருட்டிக் கொண்டு வராதீங்க. சான்றிதழ் இல்லாம நடவுச் செடி கொண்டு வரக் கூடாது, பிடுங்கிப் போட்டுடுவாங்க. மாட்டினா அவமானம். மாட்டலைன்னா அதை விட மோசம். ஒரு புழு போதும், இன்னொருத்தர் தோட்டத்தைக் காலி பண்ண.

12. மூணாவது வழிதான் சிறந்தது, யாரும் சொல்லாதது. பழைய வீடுகள். இங்கே நிறைய வீடுகளில் பின்பக்கம் கண்ணாடி அறை உண்டு. முப்பது வருஷம் முன்னாடி யாரோ ஒரு குட்டியை அங்கே வெச்சிருப்பாங்க. அது வளர்ந்து அறையையே பிடிச்சுக்கிட்டு நிற்கும். வீட்டை விற்கும்போது, "வந்து தோண்டி எடுத்துட்டுப் போங்க, காசு வேண்டாம்"னு விளம்பரம் வரும். அந்தச் செடிக்கு இன்னொரு பலம், இந்த ஊர் வெளிச்சத்துக்கு ஏற்கெனவே பழகினது.

13. ஆனா எடுக்கப் போகும் முன் என்ன வகைன்னு தெரியணும். அதுதான் வாழ்வா சாவா. மலைக்காட்டில் வளர்ந்த வகையா இருந்தா வெளியே வைக்கலாம். வெதுவெதுப்பான இடத்து வகையா இருந்தா முதல் டிசம்பரிலேயே போயிடும். விற்கிறவங்க ஒட்டுற பேரை நம்பவே முடியாது. ஒரு கடையில் 'மைனஸ் 15 தாங்கும்'னு அட்டை போட்டு, விலையையும் அதுக்கேத்த மாதிரி ஏத்தி வெச்சிருந்தாங்க. செடியைப் பார்த்தா சாதாரண ஆனைக் கத்தாழை. அதை வாங்காமல் வந்தேன். போன் செயலியிலும் பல அகேவ்களைக் காட்டிப் பார்த்தேன், முக்கால்வாசிக்கு 'அகேவ் அமெரிக்கானா'ன்னே பதில் வந்தது. காய்ச்சல்னு வர்ற எல்லாருக்கும் வைரல்னு எழுதிக் கொடுக்கிற மாதிரி.

14. அகேவில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கு. ஹோவர்ட் ஸ்காட் ஜென்ட்ரி என்கிற தாவரவியலாளர் பல பத்தாண்டுகள் மெக்சிகோ மலைகளில் அலைஞ்சு, 1982-ல் வட அமெரிக்கக் கண்டத்து அகேவ்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். இன்னைக்கும் அடையாளம் காண அதைத்தான் புரட்டுறாங்க. அவருக்குப் பிறகும் புது இனங்கள் வந்துக்கிட்டே இருக்கு. குளிர் நாட்டுக்காரங்க விரும்புற மொன்டானா இனத்துக்கு 1996-லும், ஓவாடிஃபோலியாவுக்கு 2002-லும்தான் அறிவியல் பெயரே வெச்சாங்க.

15. சரி, நோயாளியைப் பரிசோதிக்கிற மாதிரியே போவோம். பார், தொடு, கேள். 
பார்: நிறம் என்ன? சாம்பல் பூத்த நீலமா, பச்சையா? மடல் தட்டையா, ஓடை மாதிரி குழிஞ்சிருக்கா? 
தொடு: ஓரப் பற்கள் எவ்வளவு பெருசு? நுனி முள்ளின் கறுப்பு நுனியோடு நிற்குதா, மடல் ஓரமா கீழே வழிஞ்சு இறங்குதா? 
கேள்: எத்தனை வருஷமா இருக்கு? குட்டி போடுமா? குளிர்காலத்தில் வெளியே இருந்திருக்கா? 
கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பல சமயம் மற்ற எல்லாத்தையும் விட உதவும்.

16. முக்கியமான சில பெரிய வகைகள்:
அமெரிக்கானா: 1753-லேயே லின்னேயஸ் பெயர் வெச்சது. சாம்பல் நீலம், நீண்ட மடல், முதிர்ந்த மடல் வெளிப்பக்கம் வளைஞ்சு தொங்கும், சுத்தி ஏகப்பட்ட குட்டி. நம்ம வேலிச் செடி. 
சால்மியானா: பச்சை, தடிச்ச மடல், ஓடை மாதிரி குழிவு, நுனி முள் நீளமா, ஓரத்தில் வழிஞ்சு இறங்கும். இதில் குட்டையா, அகலமா, பயங்கர முள்ளோட இருக்கிற ரகத்தை 'ஃபெராக்ஸ்'னு விற்பாங்க. பேருக்கு அர்த்தமே மூர்க்கம். 
ஓவாடிஃபோலியா: திருநீறு பூசின மாதிரி வெளிர் நீலம், அகலமான குழிந்த மடல். ஆங்கிலத்தில் திமிங்கல நாக்குன்னு செல்லப் பேர். பெரும்பாலும் குட்டி போடாது. 
மொன்டானா: பச்சை, தாமரை மொட்டு மாதிரி நெருக்கமான அடுக்கு, செம்பழுப்புப் பற்கள். பைன் மரக்காட்டில் மூடுபனிக்குள் வளர்றதால ஈரத்தை மற்றவற்றை விட நல்லா தாங்கும். 
பாரியி, ஹவார்டியானா: கடுங்குளிர் தாங்கும், ஆனா ஆள் உயரம் வராது. ஈரம் ஆகவே ஆகாது.

17. அகேவில் எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒன்று. மடல்கள் குருத்தில் ஒன்றோடொன்று இறுக்கமா சுருண்டு இருக்கும்போது, ஒரு மடலின் பற்கள் பக்கத்து மடல் முதுகில் அழுந்தும். விரிஞ்ச பிறகும் அந்தப் பல்வரிசைத் தடம் மடலில் அப்படியே இருக்கும். வகை கண்டுபிடிக்க அதுவும் உதவும். நம்ம ஊர் மலைகளில் காதலர்கள் ஆணியால் பேர் கீறி வைப்பாங்களே, அதே கதைதான். இந்த மடலில் பட்டது மறையாது. மடல் காய்ஞ்சு விழுற வரைக்கும் இருக்கும். (கீறாதீங்க. அந்தக் கீறல் வழியாத்தான் அழுகலும் ஏறும்.)

18. நாங்க எடுத்த செடிக்கு வருவோம். பக்கத்து ஊரில் ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டினவர். மனைவி முதியோர் இல்லத்தில். வீட்டை விற்றுவிட்டு இல்லத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போகிறார். கண்ணாடி அறையில் ஒன்றரை மீட்டர் அகலத்தில் செடி. "ஸ்பெயினுக்கு டூர் போனப்போ ஒரு ஓட்டல்காரர் குட்டி கொடுத்தார், அமெரிக்கானா"ன்னு சொன்னார். புது ஃபிளாட்டில் இடமில்லை. வீட்டை வாங்குறவங்களுக்குச் சின்னக் குழந்தைகள், "இந்த முள் வேண்டாம்"னு சொல்லிட்டாங்க. நாங்க எடுக்கலைன்னா அடுத்த வாரம் ரம்பம்தான்.

19. நான் மண்டி போட்டு மடலின் அடியைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள அப்பா விரலால் ஒரு தடவை தடவிட்டு முடிவு சொல்லிட்டார்: "இது நம்ம கத்தாழை இல்லப்பா. நம்மது சாம்பல் பூத்து, வளைஞ்சு தொங்கும். இது பச்சை, தடிமன், ஓடை மாதிரி குழிஞ்சிருக்கு. முள்ளும் ஓரத்துல வழிஞ்சு இறங்குது பாரு. இது பங்காளி. கூடப் பொறந்தது இல்ல." சால்மியானா, ஃபெராக்ஸ் ரகம். ஜென்ட்ரி புத்தகம் பார்க்காமலே.

20. பெரியவரிடம் சொன்னேன். இத்தனை வருஷமா வேற பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கோமேன்னு அவர் சிரிச்சார். நான் இன்னொன்றும் சொன்னேன். மெக்சிகோவில் பூங்குருத்து வரும் சமயம் இதே சால்மியானாவின் நடுவை வெட்டிக் குழி செய்து, ஊறுகிற இனிப்புச் சாறைத் தினமும் எடுப்பாங்க. அது புளிச்சா 'புல்கே' என்கிற பானம். இதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னதும் அவர் கண் விரிஞ்சது. "அட, பதநீரும் கள்ளும்! அவனுக்கும் அதே புத்திதான்." பெரியவருக்கு இதை மொழிபெயர்க்கப் பத்து நிமிஷம் ஆச்சு. பனைமரம் வரைஞ்சு காட்ட வேண்டியதாப் போச்சு.

21. எடுத்த விதம், செய்யப் போறவங்களுக்கு: முதலில் முள் நுனி ஒவ்வொன்றிலும் ஒயின் பாட்டில் கார்க் செருகினோம். பெரியவர் வீட்டில் ஒரு டிராயர் நிறைய இருந்தது. மடல்களைப் பழைய போர்வையால் மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டினோம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த தோல் கையுறை, முழுக்கை சட்டை கட்டாயம். கடப்பாரையால் சுத்தித் தோண்டி, சேதமான வேரை வெட்டி எடுத்தோம். உடனே நடலை. நிழலில், காற்றோட்டத்தில் ஒரு வாரம் காய வெச்சோம். வெட்டின வாய் ஆறி மூடணும். பச்சைக் காயத்தோட ஈர மண்ணில் வெச்சா அழுகும்.

22. நட்ட இடம்: தெற்கு பார்த்த சுவர் ஓரம், தரையை விட ஒரு முழம் உயர்த்தின மேடை, பாதிக்கு மேல பொடி ஜல்லி. செடியைக் கொஞ்சம் சாய்ச்சு நட்டேன், நடுவில் தண்ணி தேங்காம இருக்க. அக்டோபரில் மேலே ஒளி ஊடுருவும் தகடு ஒன்று, பக்கவாட்டில் காற்று போக வழி. மார்ச் வரை ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. கடும்பனி ராத்திரிகளில் மட்டும் தோட்டத்துக்கான வெள்ளைத் துணி போர்த்துவேன், காலையில் எடுத்துடுவேன். முதல் குளிர்காலத்தில் அடி மடல் நாலு போச்சு. குருத்து கல்லு மாதிரி நின்றது.

23. இதுக்கு உத்தரவாதம் உண்டான்னா, இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு ஓரம் சில்லித் தீவுகளில் டிரெஸ்கோ அபே தோட்டம் இருக்கு. இந்த நாட்டிலேயே இந்த மாதிரிச் செடிகளுக்கு இதமான இடங்களில் ஒன்று. அங்கேயே 1987 ஜனவரிப் பனி தோட்டத்தின் பெரும்பகுதியை அழிச்சது. 1990-ல் புயல் வந்து காற்றுத் தடுப்பு மரங்களைச் சாய்ச்சது. திரும்ப நட்டு எழுப்பினாங்க. 2010 டிசம்பர் இந்த நாட்டில் நூறு ஆண்டுகளில் மிகக் குளிரான டிசம்பர். இன்னொரு 2010 வந்தா என் செடி நிற்குமான்னு என்னால் சொல்ல முடியாது. வைத்தியம் பார்ப்பேன், அவ்வளவுதான்.

24. இப்போ மருத்துவப் பகுதி.
சாறு: அகேவ் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான ஊசிகள். தோலில் பட்டா அரிப்பு, எரிச்சல், கொப்புளம், சில பேருக்கு ரத்தப் புள்ளிகள். டெக்கிலா தொழிலாளிகளுக்கு இது தொழில்நோய் மாதிரியே வரும். நார் அலசின நாட்களில் அப்பா கை முழுக்கத் தடிச்சிருந்ததுக்கும் இதுதான் காரணமா இருக்கணும். மெஷின் வெச்சு அறுத்தா சாறு உடம்பெல்லாம் தெறிக்கும், வேண்டவே வேண்டாம். பட்டுட்டா துணியைக் கழற்றி, சோப்பும் தண்ணியும் போட்டு நல்லா கழுவுங்க. கண்ணில் பட்டா கசக்காம, ஓடும் தண்ணியில் பதினைந்து நிமிஷமாவது கழுவிட்டு உடனே டாக்டரைப் பாருங்க.

25. முள்: கண்ணில் குத்தினா பிடுங்காதீங்க, அழுத்தாதீங்க, லேசா மூடிக்கிட்டு நேரா அவசர சிகிச்சைக்குப் போங்க. விரல் மூட்டு, முழங்கால் பக்கம் ஆழமா குத்தினா, நுனி உள்ளே ஒடிஞ்சு தங்கலாம். வாரக்கணக்கில் கழிச்சு அந்த ஒரே மூட்டு வீங்கும். வாதம்னு நினைச்சு மருந்து சாப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. சாதாரண எக்ஸ்ரேயில் செடி முள் பெரும்பாலும் தெரியாது. ஸ்கேன் தேவைப்படும். அதனால "டாக்டர், அப்போ ஒரு முள் குத்துச்சு"ன்னு நீங்களே சொல்லணும். டெட்டனஸ் தடுப்பூசிக் கணக்கையும் சரிபாருங்க. வழியோரம் இருந்தா நுனியை ஒரு சென்டிமீட்டர் நறுக்கி விடுங்க, செடிக்கு ஒன்றும் ஆகாது.

26. அகேவ் சிரப்: "சர்க்கரைக்குப் பதில் இது நல்லதாமே"ன்னு மாசத்துக்கு ரெண்டு பேராவது கேட்கிறீங்க. அதில் பெரும்பகுதி ஃப்ரக்டோஸ். குடிச்ச உடனே ரத்தச் சர்க்கரையைக் குறைவா ஏத்துறதால நல்லதுன்னு விற்பாங்க. அந்த ஃப்ரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரல்தான் சமாளிக்கணும். அளவு மீறினா கொழுப்பா சேரும். அதுவும் சர்க்கரைதான். சர்க்கரையா எண்ணியே குறைச்சுச் சாப்பிடுங்க.

27. ஒரு நாள் அப்பா கேட்டார், "இது எப்போப்பா பூக்கும்?" நான் சொன்னேன், "இந்த ஊர்ல இன்னும் எத்தனை வருஷமோ. பூத்தா செத்துடும்." "குட்டி விட்டுட்டுத்தானே போகுது"ன்னு சொல்லிட்டுக் களை பிடுங்கப் போயிட்டார். தினமும் காலையில் அங்கேதான் இருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டி ஏதோ கேட்பார். இவர் தமிழில் பதில் சொல்வார். ரெண்டு பேருக்கும் எல்லாம் புரியும்.

28. பலர் கேட்கிறீங்க, "அப்பாவை நிரந்தரமா அங்கேயே வெச்சுக்கலாமே டாக்டர்?" 2012-க்குப் பிறகு இந்த நாட்டில் வயசான பெற்றோருக்கான விசா விதிகள் ரொம்ப இறுகிப் போச்சு. ஊரில் காசு கொடுத்தாலும் தேவையான பராமரிப்பு கிடைக்காதுன்னு நிரூபிக்கணும். தானே சமைச்சு, தானே நடந்து, தானே மாத்திரை போட்டுக்கிற மனுஷனுக்கு அது நடக்காது. அதாவது அவர் உடைஞ்சு போனாத்தான் கூப்பிட முடியும். நான் வக்கீலிடம் பேசிக்கிட்டிருந்ததை அப்பா கேட்டுட்டார்.

29. அன்னைக்கு ராத்திரி சொன்னார்: "செடியைப் பிடுங்கினா வேர்ல வெட்டுன வாய் ஆற ஒரு வாரம் காய வைக்கணும்னு நீதான சொன்ன? எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆறி முடியறப்போ டிக்கெட் தேதி வந்துடுது. கோடைக்கு வர்றேன், பனிக்கு முன்னாடி போறேன். அங்க வேலி இருக்கு, பாக்க ஆள் வேணும்." நான் வாதாடலை. அவருக்குப் புத்தி தெளிவா இருக்கு, முடிவு அவருடையது. நோயாளிகளின் பிள்ளைகளிடம் தினமும் இதைத்தான் சொல்றேன். சொந்தப் பிள்ளையா நின்று கேட்கிறது எவ்வளவு கஷ்டம்னு இப்போ தெரியுது.

30. பெற்றோரைக் கோடைக்குக் கூப்பிடுகிறவங்களுக்கு ஒன்று. பயணக் காப்பீடு எடுங்க, பழைய நோய்களை மறைக்காம எழுதிக் கொடுங்க. மாத்திரைச் சீட்டைப் பொதுப் பெயரில் ஆங்கிலத்தில் வாங்கி வரச் சொல்லுங்க. இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். கூடவே, அவங்க கைக்குத் தெரிஞ்ச ஒரு வேலையை வீட்டில் தயார் பண்ணி வையுங்க. செடி, தையல், சமையல், எதுவானாலும். "ரெஸ்ட் எடுங்க"ன்னு மட்டும் சொல்லி உட்கார வைக்காதீங்க.

31. கடைசித் தகவல். செடி அடியில் இந்த வசந்தத்தில் மூணு குட்டி வந்திருக்கு. ஒன்றை முள் நறுக்கி, சின்னத் தொட்டியில் வெச்சு அந்தப் பெரியவர் ஃபிளாட்டுக்குக் கொடுத்தாச்சு. ஜன்னலோரம் வெச்சிருக்கார், இந்தத் தடவை சரியான பேர் எழுதின அட்டையோட. இரண்டாவது எனக்கு, பெரிய செடிக்கு ஏதாவது ஆனா கைவசம் இருக்கட்டும்னு. மூணாவது யாருக்கு வேணுமோ யார்க்‌ஷயர் பக்கம் வந்து எடுத்துக்கலாம். தபாலில் அனுப்ப மாட்டேன். வரும்போது தடித்த கையுறை கொண்டு வாங்க. வெயில் வர்ற ஜன்னலோ தெற்குச் சுவரோ இருக்கான்னு கேட்பேன். இல்லைன்னா டீ மட்டும்தான்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. செடி போட்டோ போடுறவங்க நுனி முள்ளும் மடல் அடியும் தெரியிற மாதிரி போடுங்க. தூரத்துப் போட்டோவை வெச்சு வகை சொல்ல முடியாது.